செயலாளரை வெளியே அனுப்பிய பாராட்டு விழா

என் ஒரே அக்காவுக்கு, உன்னிடம் திட்டு வாங்கியே வளர்ந்த தங்கை வணக்கம் வைத்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் தையல் மிஷின் நலம். உன் வீட்டுக்காரரும் நலம்தான், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அங்கே மகளின் மாவுக்கட்டையும் மருமகனின் சமையலையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அத்தானுக்குத் திட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இருநூறு பேர் பார்க்க, பக்கத்தில் நின்று, சின்னப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு வரவில்லை. அந்தக் குறை இன்னும் எனக்கு இருக்கிறது.

உன் பக்கத்து வீட்டம்மா போனில் உனக்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையே அவள் என்னிடமும் சொன்னாள், நான் அந்த இடத்தில் இருந்தவள் என்பது தெரிந்தும் சொன்னாள். "உங்க அத்தானை விழா நடுவுல வெளிய போகச் சொல்லிட்டாங்களாமே, பல் டாக்டரை நாக்கூசத் திட்டினாராமே!" இதைக் கேட்டு நீ என்னைக் கூப்பிட்டு, நான் "அக்கா" என்று ஆரம்பிப்பதற்குள் அழுது, "இந்த மனுஷன் மானத்தை வாங்கிட்டாரே, நான் டிக்கெட் போடறேன்" என்று சொல்லி, வைத்தும் விட்டாய். உன்னிடம் போனில் ஒரு முழு வாக்கியம் பேசி முடித்தவர்கள் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஐம்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம், விடுவேனா? நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பிழை இருந்தால் அத்தான் மாதிரி சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் நம் வட்டாரக் கூடைப்பந்துச் சங்கத்துக்குச் செயலாளராகி இந்த வருஷத்தோடு இருபத்தெட்டு வருஷம். உனக்கே தெரியும், நீ அவருக்கு இரண்டாம் தாரம், சங்கம்தான் மூத்தவள். தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை முடிந்ததும் நேரே ஹாலுக்குப் போவார், பூட்டைத் திறப்பார், தரையைத் துடைப்பார், எந்த அணி என்றைக்கு யாரோடு ஆடுகிறது என்று எழுதி ஒட்டுவார், காற்று இறங்கிய பந்துக்குக் காற்றடிப்பார், கால் சுளுக்கியவளுக்கு ஐஸ் வைப்பார், ஸ்கோர் எழுதுவார், எழுதியதைச் சரிபார்ப்பார், சரிபார்த்ததற்குக் கையெழுத்துப் போடுவார். இவ்வளவு செய்தவர் ஒருநாளாவது பந்தை வளையத்துக்குள் போட்டிருக்கிறாரா? இல்லை. அவர் ஆடுகிற இடத்துக்குள் கால் வைப்பதே மாப்போடுதான்.

இந்த மனிதருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று தலைவருக்குத் தோன்றியிருக்கிறது. தலைவர் என்றால் நம் டயர்க்கடைக்காரர், நல்ல மனசு, பெரிய வயிறு. அத்தானுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று கமிட்டி கூடி முடிவெடுத்தது. அங்கேதான் முதல் இடி. அத்தான் இல்லாமல் அந்தக் கமிட்டி எடுத்த முதல் முடிவு அது, அதை எங்கே எழுதுவது, எந்தப் புத்தகத்தில் எழுதுவது, ஹாலை எப்படிப் பதிவு செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் தலைவர் நேராக அத்தானிடமே வந்து நின்றார். நான் அப்போது ஜெர்சிகளுக்கு எண் தைத்துக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"சார், வர்ற ஞாயித்துக்கிழமை ஹால் வேணும்."

"எதுக்கு?"

"ஒரு பாராட்டு விழா."

"யாருக்கு?"

"அது... ஒருத்தருக்கு."

"பேர் இல்லாம பதிவு பண்ண முடியாதுங்க. ஃபாரத்துல கட்டம் இருக்கு பாருங்க."

"உங்களுக்குத்தான் சார்! போதுமா?"

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். அத்தான் சிரிக்கவில்லை, கண்கலங்கவில்லை, கட்டத்தில் தன் பெயரை எழுதி, ஃபாரத்தைத் திருப்பி, "எழுத்து சரியா இருக்கான்னு பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். தலைவர் போட்டார். ரகசியம் இருந்த நேரம் மொத்தம் நாலு நிமிஷம்.

அடுத்த இடி நிகழ்ச்சி நிரலில். முதலில் அத்தான் கோட்டில் நின்று வளையத்துக்குள் ஒரு பந்து போட்டு விழாவைத் தொடங்கிவைப்பது, பிறகு பத்து நிமிஷம் ஒரு நட்பு ஆட்டம், பிறகு பேச்சு, பேர் பொறித்த பலகை கொடுப்பது என்று போட்டிருந்தார்கள். அத்தான் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். பதிவு செய்யாத ஆள் ஆடுகிற இடத்தில் பந்தைத் தொடக் கூடாது. விதி. அவரே எழுதியது.

"ஒரே ஒரு தடவைதானே சார்" என்றார் தலைவர்.

"ஒரு தடவைன்னா பரவாயில்லைன்னு விதியில எங்கயாவது இருக்கா? காட்டுங்க, நான் இப்பவே போடறேன்."

ஆகவே புதன்கிழமை அத்தான் தன்னையே ஆட்டக்காரராகப் பதிவு செய்துகொண்டார். விண்ணப்பம், இரண்டு போட்டோ, இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ், எல்லாம் மூன்று காப்பி. என் இரண்டு கண்ணால் பார்த்தேன் அக்கா. விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடும்போது மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு போட்டார். பிறகு சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து, செயலாளராக ஏற்றுக்கொண்டு இன்னொரு கையெழுத்துப் போட்டார். போட்டோவையும் தன் முகத்தையும் ஒத்துப் பார்க்கக் கண்ணாடியிடம் போகாததுதான் பாக்கி. அன்றிலிருந்து உன் வீட்டில் சுருட்டிய துணியை வைத்து வாளிக்குள் போட்டுப் பழகினார். பிறகு நிஜப் பந்து. உன் பச்சை வாளியில் விரிசல் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. பழைய ஆட்டக்காரர்கள், புது ஆட்டக்காரர்கள், அவர்கள் அம்மா அப்பா, கல்யாணமாகிப் போன பெண்கள், கையில் பிள்ளையோடு. வழக்கம்போல் நேரக் கடிகாரத்தில் நான். எனக்கு அந்த வேலை கிடைத்ததே அத்தானின் மச்சினி என்பதால்தான், ஓசியில் ஆறு வருஷமாகப் பட்டன் அமுக்குகிறேன். அத்தான் வெள்ளைச் சட்டையில் வந்தார், தலைவர் மைக்கில் அழைத்தார், மகளிர் அணித் தலைவி பந்தை நீட்டினாள். நம் பதினோராம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறாளே, அவள்தான் மகளிர் அணித் தலைவி. அத்தான் பந்தை வாங்கவில்லை. மைக்கை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார்.

"பதினாலாவது விதி" என்று படித்தார். "சங்கத்தில் ஆட்டக்காரராகப் பதிவு செய்தவர் எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது. பதிவு செய்த கணமே அவர் வகிக்கும் பொறுப்பு காலியாகும்." புத்தகத்தை மூடினார். "இன்னைக்குக் காலையிலதான் என் கண்ணுல பட்டுச்சு. நான் புதன்கிழமை பதிவு பண்ணிட்டேன். அதனால புதன்கிழமையிலேர்ந்து இந்தச் சங்கத்துக்குச் செயலாளர் கிடையாது. நீங்க யாரைப் பாராட்ட வந்தீங்களோ அந்த ஆள் இங்க இல்லை. வந்ததுக்கு நன்றி. போறப்ப நாற்காலியை மடிச்சு வச்சிட்டுப் போங்க."

ஹாலில் ஒரு சத்தம் இல்லை. இல்லை, ஒரு சத்தம் இருந்தது, நான் அதிர்ச்சியில் பஸ்ஸரை அமுக்கிவிட்டேன், கையை எடுக்க மறந்துவிட்டேன், அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. தலைவி ஓடிவந்து என் விரலைப் பிரித்து எடுத்தாள்.

அந்த விதி வந்த கதை உனக்கு நினைவிருக்கும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் துணைச் செயலாளராக இருந்தவர், பந்துக்கும் அவருக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது, எல்லா ஆட்டத்திலும் தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டார். அவரைத் தடுக்க அத்தான் எழுதியதுதான் அந்தப் பதினாலாவது விதி. இன்றைக்கு அது திரும்பிவந்து எழுதினவரையே கடித்துவிட்டது.

இதுவரை எனக்குச் சிரிப்புத்தான். கிண்டல் பண்ண ஒரு வருஷத்துக்குச் சரக்கு கிடைத்தது என்றுதான் நினைத்தேன். அப்புறம் அத்தான் இடுப்பிலிருந்து ஹால் சாவியைக் கழற்றினார். அக்கா, அந்தச் சாவி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை, உன் மகள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் தொங்குகிறது. அதை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே நின்றார். உன் புருஷனுக்கு வயது அறுபத்திரண்டு என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. சாவி போனால் நாளைக்குச் சாயங்காலம் அவர் எங்கே போவார்? நீயும் ஊரில் இல்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லோரும் ஸ்கோர் மேசையைச் சூழ்ந்துகொண்டோம். தலைவர், "அந்த விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். அத்தான், ஒரு காப்பி மேல் சங்கத்துக்குத் தபாலில் போய்விட்டது என்றார். "அப்ப ஆட்டக்காரர் பதவியை ராஜினாமா பண்ணுங்க." அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம். "வேற எப்படித்தான்யா ஒருத்தன் ஆட்டக்காரனா இல்லாம போறது?" என்று தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தான் அமைதியாக, "செத்துப் போனா. இல்லன்னா, ஆட்டத்துல நடத்தை சரியில்லைன்னு ரெண்டு ஃபவுல் வாங்கி வெளியேத்தப்பட்டா. இருபத்திரண்டாவது விதி. பதிவு உடனே ரத்து" என்றார்.

எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்தோம். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை நடுவர். உடனே விசிலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நான் மாட்டேன். இவர் மேல ஃபவுலா? இவர் மேல ஈ உக்காந்தாலே நான் பாவம் பாப்பேன்."

"டாக்டர், பல்லைப் புடுங்கறப்ப மட்டும் பாவம் பாக்கறதில்லையே நீங்க" என்றேன் நான். பின்னால் மறைத்த விசில் மெதுவாக முன்னால் வந்தது.

ஆட்டம் நடந்தால்தான் ஃபவுல். ஆகவே அத்தான் ஆட வேண்டும். ஆடுவதற்கு ஜெர்சி வேண்டும். பையில் மிச்சமிருந்த துணியில் ஒரு எண்ணை வெட்டி, அவர் வெள்ளைச் சட்டை முதுகில் ஊக்குக் குத்தினேன், ஒரு ஊக்கு சட்டையோடு நிற்காமல் முதுகிலும் குத்தியது, அவர் "எண் நேரா இருக்கா?" என்றுதான் கேட்டார். ஆட்டம் ஆரம்பித்தது. அத்தான் தரையில் இறங்கினார். கையில் மாப் இல்லாமல். தலைவி அவருக்குப் பந்தை மெதுவாகப் போட்டாள். அவர் அதைப் பிடித்தார், எல்லோரும் கத்தினார்கள், அவர் அதை எடுத்துக்கொண்டுபோய் இரண்டு கையாலும் நடுவரிடம் கொடுத்தார்.

"திட்டுங்க அத்தான்!" என்று கோட்டருகே நின்று நான் கத்தினேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், உங்க முடிவோட எனக்கு உடன்பாடு இல்லை."

"நான் இன்னும் ஒரு முடிவும் எடுக்கலையே சார்."

"எடுத்தா உடன்பாடு இருக்காது."

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதுக்கெல்லாம் ஃபவுல் குடுக்க முடியாதும்மா. இது வாழ்த்து மாதிரி இருக்கு."

அப்போதுதான் நான் கடிகாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். நீ என்னை எதற்காகத் திட்ட வேண்டுமோ அதற்காக இங்கே திட்டிக்கொள். "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு, விசிலை வாயில வச்சுக்கிட்டுத் தூங்கறியா, இப்படிக் கேளுங்க அத்தான்" என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். அவர் உதடு அசைத்துப் பழகினார். பிறகு டாக்டர் முன்னால் போய் நின்று, "தங்கள் கண்கள் முதுகுப் பக்கத்தில் அமைந்துள்ளனவா?" என்று கேட்டார்.

ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசிலை ஊதினார், ஒன்று. பரிதாபப்பட்டுக் கொடுத்த ஃபவுல்தான். இன்னும் ஒன்று வேண்டும். இதற்கு மேல் அத்தானிடம் சரக்கு இல்லை. நின்றார். என்னைப் பார்த்தார், மேசைமேல் இருந்த சாவியைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். மத்தியானம் அவரே முட்டிபோட்டுத் துடைத்த தரை. நுழைகிற கதவிலிருந்து நடுக்கோடு வரைக்கும் மண்ணும் சேறுமாக இருநூறு பேரின் செருப்புத் தடம்.

"இருபத்தெட்டு வருஷம்" என்றார். சத்தமாக இல்லை. ஆனால் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, நீயும் கேட்டிருக்க மாட்டாய். "இருபத்தெட்டு வருஷமா ஒருத்தன் இதைத் துடைக்கிறேன். வாசல்ல மிதியடி போட்டிருக்கேன். 'காலைத் துடைத்து வரவும்'னு பெரிசா எழுதி மாட்டியிருக்கேன். ஒருத்தன்! ஒரே ஒருத்தன் காலைத் துடைச்சிட்டு வந்திருக்கீங்களா? எனக்கு விழாவாம், பலகையாம்! யாருக்குய்யா வேணும் உங்க பலகை! நீங்க டாக்டர், பல்லுக்குள்ள நூல் விட்டுத் துடைக்கச் சொல்றீங்க, உங்க காலைப் பாருங்க, காலை!"

நான் என்ன எழுத அக்கா. டாக்டர் தன் காலைப் பார்த்தார். தலைவர் தன் வயிற்றைத் தாண்டி எட்டித் தன் காலைப் பார்த்தார். இருநூறு பேரும் தலையைக் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆறு வருஷமாக அந்த வாசலில் நுழைகிறவள், மிதியடி என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அத்தானே அதிர்ந்துபோய்த் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

டாக்டருக்கு விசில் சரியாக வரவில்லை. இரண்டு தடவை காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை ஊதி, கையை வாசல் பக்கம் நீட்டி, "வெளிய போங்க சார்" என்றார், கண்ணில் தண்ணீர். அத்தான் தலையாட்டிவிட்டு நடந்தார். வாசலில் நின்று, வெளியே போகிறவர், மிதியடியில் இரண்டு காலையும் துடைத்துவிட்டுப் போனார்.

வெளியேற்றப்பட்டவரை உள்ளே வைத்துப் பாராட்ட முடியாது. ஆகவே விழா வெளியே போனது. இருநூறு பேரும் வாசல் வழியாக வந்தோம், ஒருத்தர் விடாமல் காலைத் துடைத்துக்கொண்டு வந்தோம். வெளியே போகும்போது எதற்குத் துடைக்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. வரிசை நகரக் கால் மணி நேரம் ஆனது. படிக்கட்டில் நின்று தலைவர், பதிவு ரத்து, அதனால் அவர் மறுபடி நம் செயலாளர் என்று அறிவித்தார். தலைவி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பலகையையும் வாங்கிக்கொண்டார், பேரில் எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். வளையத்துக்குள் பந்து போடுவதை எல்லோரும் மறந்தே போனோம். நான் நினைவுபடுத்தினேன். "நீ சும்மா இரும்மா, தப்பிச்சேன்" என்றார் காதோடு.

ஆகவே அக்கா, உன் வீட்டுக்காரர் மானத்தை வாங்கவில்லை, சம்பாதித்துத்தான் கொண்டுவந்தார். எல்லாம் சுபமாக முடிந்தது, பதவி பத்திரம், சாவி இடுப்பில். நீ டிக்கெட் எதுவும் போட வேண்டாம். மகள் கால் ஊன்றி நடக்கும்வரை நிம்மதியாக இருந்துவிட்டு வா. அவளுக்கு இரண்டு நைட்டி தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், கட்டுப் போட்ட பக்கம் அகலமாக விட்டிருக்கிறேன். மருமகனுக்கு என் அன்பு, அவர் சமையலுக்கு என் அனுதாபம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயதுவரை சண்டை போட்டுக்கொண்டு வாழ வேண்டும்.

உன் கையால் இன்னும் குட்டு வாங்கக் காத்திருக்கும்,
தங்கை

பின்குறிப்பு: மேலே டிக்கெட் போட வேண்டாம் என்று எழுதிய வரியை அடித்துவிட்டுப் படி. கடிதத்தை ஒட்டுவதற்குள் பஸ் ஓட்டுகிற தலைவி வந்தாள், கையில் பழைய தீர்மானப் புத்தகம். பதினாலாவது விதியை ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஓட்டுப் போட்டு ரத்து செய்துவிட்டார்களாம். ஒரே ஒரு ஓட்டு எதிர்ப்பு, அது அத்தான். தீர்மானத்தை முத்து முத்தாக எழுதியதும் அவர்தான். விதிப் புத்தகத்தில் அந்த விதியைக் கோடு போட்டு அடிக்க மட்டும் கை வரவில்லையாம், அப்படியே விட்டுவிட்டு மறந்தும் போயிருக்கிறார். ஆகவே அவர் புதன்கிழமையும் செயலாளர், ஞாயிற்றுக்கிழமையும் செயலாளர், யாரும் யாரையும் திட்டியிருக்கவே வேண்டாம். இருபத்திரண்டாவது விதி ரத்தாகவில்லை. அதன் மீதி அடுத்த பக்கத்தில் இருக்கிறது, நாங்கள் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. வெளியேற்றப்பட்டவர் அந்த வருஷத்து ஆட்டங்கள் முடியும்வரை ஹால் வாசலைத் தாண்டக் கூடாது. இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. இதை எப்படி உனக்கு எழுதுவது என்று தெரியாமல் கடிதம் ஒரு வாரம் என் தையல் மிஷின் மேலேயே கிடந்தது. அத்தான் தினமும் போய் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிடுகிறார், மாப்பை வாசலோடு நீட்டுகிறார், யார் துடைத்தாலும் அவருக்குப் பிடிப்பதில்லை. அவர் வசதிக்காகச் செயலாளர் மேசையைத் தூக்கிவந்து வெளியே ஜன்னலுக்குக் கீழே போட்டுக் கொடுத்தோம். அது குப்பைத் தொட்டிகள் வைக்கிற இடம் என்பதை யாரும் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குப்பை வண்டி வந்து மேசையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. விதிப் புத்தகம் டிராயரில் இருந்தது. அத்தான் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.